சங்கத்தில் சேராத எங்கள் பந்தாட்ட அணி

போன ஆடி மாதம் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்பேறிய போட்டோவை என் மகள் உருவி எடுத்தாள். "அம்மா! இது நீயா? நீ பாஸ்கெட்பால் ஆடினியா? சொல்லவே இல்லியே!" என்று கூவினாள்.

நான்தான். பாவாடை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் பந்தோடு நிற்கிறேன். பக்கத்தில் ஆறு பெண்கள். எல்லாரும் பட்டுத்தறி வீட்டுப் பெண்கள். வருஷம் 1994. எனக்கு அப்போது பதினைந்து வயசு.

போட்டோவை வாங்கி மறுபடி பெட்டியில் வைக்க மனசு வரவில்லை. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கமும் வரவில்லை.

நாங்கள் குடியிருந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டர் ஒரு சவுக்குக் கம்பம் நட்டு, அதில் இரும்பு வளையம் மாட்டிக் கொடுத்திருந்தார். வலை கிடையாது. தரையில் கோலமாவால் கோடு போட்டுக்கொள்வோம். சாயங்காலம் நாலரை மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை ஆட்டம். எங்கள் அணிக்கு ஒரு பேர்கூட இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடப் பெண்களோடு ஆடி ஜெயித்திருக்கிறோம்.

ஒருமுறை வெளியூரில் போட்டி என்று கேள்விப்பட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு பஸ் ஏறிப் போனோம். வாசலில் உட்கார்ந்திருந்தவர், "உங்க டீம் எந்தச் சங்கத்துல பதிவாகியிருக்கு? பதிவில்லேன்னா ஆட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. விதியைத்தான் சொன்னார். மதில்மேல் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த வருஷம் முறைப்படி பதிவு செய்ய மாஸ்டரே ஏற்பாடு செய்தார். ஆனால் அதற்குள் தை மாத முகூர்த்தப் புடவைகள் வந்து குவிந்துவிட்டன. எங்கள் ஊர்க் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். கரைக்குத் தனி நாடா. அதை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வாங்கிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். "பந்து சோறு போடுமாடி?" என்று அப்பா கேட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன மனுஷர் அவர். பந்தை வைத்துவிட்டு நாடாவை எடுத்தேன். அதோடு என் ஆட்டம் முடிந்தது.

அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு, இந்த ஆட்டத்தின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். அங்கீகாரம் இல்லாமல் ஆடிய பெண்கள் நாங்கள் ஏழு பேர் மட்டுமல்ல. உலகத்தில் பெண்களின் கூடைப்பந்தாட்டமே அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய ஆட்டம்

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. 1891 டிசம்பர் மாதம். வெளியே கடும் குளிர். உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்கு ஏதாவது ஓர் ஆட்டம் வேண்டும். பீச் பழம் வைக்கிற இரண்டு கூடைகளை மேலே ஆணியடித்து மாட்டி, பந்தை அதில் போடச் சொன்னார். ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்! அதனால்தான் இதற்குக் கூடைப்பந்து என்று பேர். அன்று கூடை இருந்த பத்தடி உயரத்தில்தான் இன்றும் வளையம் இருக்கிறது.

ஒரு வருஷம் ஆவதற்குள் இது பெண்களிடம் வந்துவிட்டது. கொண்டுவந்தவள் செண்டா பெரன்சன். லித்துவேனியாவிலிருந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குப் போன குடும்பத்துப் பெண். சின்ன வயசில் நோஞ்சான். முதுகுவலிக்காரி. உடற்பயிற்சியால் உடம்பைத் தேற்றிக்கொண்டவள். 1892-ல் ஸ்மித் கல்லூரியில் தன் மாணவிகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாள். 1893 மார்ச் மாதம் முதலாண்டுப் பெண்களுக்கும் இரண்டாமாண்டுப் பெண்களுக்கும் போட்டி நடந்தது. ஆண்கள் யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை.

பெண்கள் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. அதனால் செண்டா மைதானத்தை மூன்று பாகமாகப் பிரித்து, அவரவர் பாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி வைத்தாள். ஒருத்தி கையிலிருந்து மற்றவள் பந்தைப் பிடுங்கவும் கூடாது. இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த விதிகள் இல்லாவிட்டால் அன்றைக்கு எந்தத் தகப்பனும் மகளை ஆட விட்டிருக்கமாட்டான். ஊரை அனுசரித்து, ஊருக்குத் தெரியாமல் ஒரு கதவைத் திறந்துவிட்ட கெட்டிக்காரி அவள்.

பதக்கம் இல்லாத வெற்றி

அடுத்து நான் படித்தது கனடா நாட்டு எட்மண்டன் நகரத்துப் பெண்களின் கதை. 1915-ல் ஒரு வணிகவியல் உயர்நிலைப் பள்ளியில் பெர்சி பேஜ் என்ற ஆசிரியர் ஓர் அணி ஆரம்பித்தார். படிப்பு முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் சேர்ந்தே ஆடினார்கள். அதனால் அவர்களுக்கு 'எட்மண்டன் கிராட்ஸ்' என்று பேர் வந்தது. பகலில் டைப்பிஸ்ட், குமாஸ்தா, டீச்சர் வேலை. மாலையில் பயிற்சி. 1940 வரை இருபத்தைந்து வருஷம் ஆடி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆட்டத்துக்கு மேல் ஜெயித்தார்கள்.

1924-ல் பாரிசில் ஒலிம்பிக் நடந்தபோது இவர்களும் ஐரோப்பா போனார்கள். 1928-லும் 1936-லும் போனார்கள். போன இடமெல்லாம் வெற்றிதான். ஆனால் ஒரு பதக்கம்கூடக் கிடையாது. ஏன் தெரியுமா? பெண்களின் கூடைப்பந்தை ஒலிம்பிக் அப்போது அங்கீகரிக்கவில்லை. அது ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976-ல், மாண்ட்ரீல் நகரத்தில். அதே கனடா நாடுதான். ஆனால் அதற்குள் அந்தப் பெண்கள் பாட்டிகள் ஆகியிருப்பார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த அணியில் கல்யாணமான பெண்கள் அநேகமாக இல்லை. தாலி ஏறினால் பந்து இறங்கிவிடும் என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை போலிருக்கிறது.

அங்கீகாரம் என்பது என்ன?

வாசலில் அன்று எங்களைத் தடுத்த அந்த 'பதிவு' என்னவென்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர்ச் சங்கங்கள் மாவட்டச் சங்கத்தில் சேரவேண்டும். மாவட்டம் மாநிலச் சங்கத்தில், மாநிலம் 1950-ல் தொடங்கிய இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தில், அது 1932-ல் ஜெனீவாவில் தொடங்கிய உலக சம்மேளனத்தில். கூட்டுக்குடும்பம் மாதிரிதான். பெரியவர் தலையாட்டினால்தான் சின்னவருக்குப் பந்தியில் இலை.

இந்தப் பந்தியில் இலை கிடைக்காத பெரிய அணிகளும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் கட்டலோனியா என்று ஒரு பகுதி. தனி மொழி, தனிப் பண்பாடு உள்ள மக்கள். ஸ்பெயினுக்குள் கூடைப்பந்து முதலில் நுழைந்ததே அவர்களுடைய பார்சிலோனாவில்தான். 1923-லேயே தங்களுக்கென்று கூட்டமைப்பு ஏற்படுத்திக்கொண்டவர்கள். ஆனாலும் உலக சம்மேளனம் அவர்களைத் தனி அணியாக ஏற்கவில்லை. அதனால் கட்டலோனியா அணி நட்புமுறை ஆட்டங்கள்தான் ஆடும். உலகக் கோப்பையில் இடமில்லை. அந்த மண்ணின் மகள் லாயா பலாவ், ஸ்பெயின் சட்டையைப் போட்டுக்கொண்டு முந்நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினாள்.

நம் தமிழ்நாட்டு அணியும் உலகப் போட்டிக்குத் தனியாகப் போகமுடியாது. தேசியப் போட்டியில் மற்ற மாநிலங்களோடு ஆடலாம். அதற்கு மேலே இந்தியச் சட்டைதான். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். தேசியப் போட்டியில் ரயில்வேக்குத் தனி அணி உண்டு. நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தால், அப்புறம் அவள் ரயில்வே அணிக்குத்தான் ஆடவேண்டும், தன் மாநிலத்தையே எதிர்த்துக்கூட! ஆனால் மாதச் சம்பளம் வருகிற வேலையை எந்த வீடு வேண்டாம் என்று சொல்லும்? "பந்து சோறு போடுமா?" என்று கேட்ட என் அப்பாவுக்கு, "போடும்ப்பா" என்று பதில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

சென்னைக்கு வந்த பந்து

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டத்தைப் பரப்பியதில் சைதாப்பேட்டை, நந்தனம் பக்கத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1920-ல் அதை ஆரம்பித்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். நெய்ஸ்மித் கூடை மாட்டினாரே, அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் இவரே. அந்தக் கல்லூரியில் படித்து வெளிவந்த டிரில் மாஸ்டர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். எங்கள் மாஸ்டர் நட்ட சவுக்குக் கம்பத்துக்கும் அந்தக் கூடைக்கும் இப்படி ஒரு பந்தம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பெரிய நகரத்தில்தான் இது வேரூன்றும் என்றும் இல்லை. தேனி மாவட்டம் பெரியகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காஞ்சிபுரத்தைவிடச் சின்ன ஊர். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஊர்க்காரர்களின் சங்கம், கோடை விடுமுறையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்திப் பேர் வாங்கியது. திருவிழா பார்க்கிற மாதிரி ஜனங்கள் கூடுவார்கள். கோயம்புத்தூரிலும் அகில இந்தியப் போட்டி நடக்கிறது, அங்கே பெண்களுக்கும் கோப்பை உண்டு. வைகாசி கருடசேவைக்கு இடம் போதாமல் கூடுகிற எங்கள் ஊர் ஜனம், ஒரு நாள் பெண்பிள்ளைகள் ஆட்டத்துக்கும் கூடவேண்டும் என்பது என் ஆசை.

தாயான பிறகும் ஒரு பந்து

இத்தனை கதையிலும் என் மனசைத் தொட்டவள் ஒரு தமிழ்நாட்டுப் பெண். அனிதா பால்துரை. சென்னைக்காரி, 1985-ல் பிறந்தவள். 2001-ல், பதினாறு வயசில், இந்திய அணிக்குள் நுழைந்தாள். பத்தொன்பது வயசில் கேப்டன். தென்னக ரயில்வேயில் வேலை. கல்யாணம் ஆயிற்று, குழந்தையும் பிறந்தது. வழக்கமாக இங்கேதானே கதை முடியும்?

இவள் முடிக்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பை மறுபடி பயிற்சியால் பழக்கி, இந்திய அணிக்குத் திரும்பினாள். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தபோது, அவளும் அந்த அணியில் இருந்தாள். 2021-ல் அவளுக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

பிள்ளை பெற்றவள் பயிற்சிக்குப் போகிறாள் என்றால், வீட்டில் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு கை வேண்டும் அல்லவா? பத்மஸ்ரீ பட்டியலில் அந்தக் கையின் பேர் வராது. ஆனால் எந்தப் பெண்ணின் ஆட்டத்துக்கும் அந்தக் கைதான் முதல் அங்கீகாரம். மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் வீட்டு வாசலில் வந்த பரீட்சை

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், ஒன்பதாவது படிக்கிற என் மகள், "அம்மா, ஜில்லா டீமுக்கு செலக்‌ஷன் நடக்குது. பேர் கொடுத்துட்டேன்" என்று வந்து நின்றாள். அவள் இத்தனை நாளாகப் பள்ளிக்கூடத்தில் இதே ஆட்டம்தான் ஆடிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை!

வீட்டில் பேச்சு எழுந்தது. "வயசுக்கு வந்த பொண்ணு. வெயில்ல ஆடி கறுத்துப் போச்சுன்னா யாரு கட்டுவா?" என்றார் மாமியார். "கீழே விழுந்து காலைக் கையை ஒடச்சிக்கிட்டா?" என்றார் என் கணவர். சாப்பிடும்போது இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் நான் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தேன். "அத்தை, இதுல நான் எங்க இருக்கேன் பாருங்க" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு சிரிப்பா நிக்கிறே! இந்த வீட்டுக்கு வந்து நீ இப்படிச் சிரிச்சு நான் பாக்கலியே" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தேர்வு நாளன்று விடியற்காலையில் எழுந்தால் சமையலறையில் விளக்கு எரிகிறது. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க, மந்தாரை இலையில் கோயில் இட்லி வெந்துகொண்டிருக்கிறது. "வெறும் வயித்துல எப்படி ஓடும் கொழந்தை?" என்றார் மாமியார், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அனுப்புகிற தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்

* பெண்களுக்கான பந்து 6-ம் எண் அளவு, சுற்றளவு சுமார் 28½ அங்குலம். சின்னக் குழந்தைகளுக்கு 5-ம் எண். ஆண்களின் 7-ம் எண் பந்தைக் கொடுத்துப் பழக்கினால் விரலும் மணிக்கட்டும் வலிக்கும்.

* குதித்துக் கீழே வரும்போது முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி இறங்கவேண்டும். முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆட்டத்துக்கு முன்பு பத்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கச் சொல்லுங்கள். காலுக்குப் பிடிப்பான ஷூ அவசியம். முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

* 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆடுகிற பெண் சீக்கிரம் களைத்து மூச்சு வாங்கினால் சோம்பேறித்தனம் என்று திட்டாமல் ரத்தம் பரிசோதியுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை, நிலக்கடலை உருண்டை நல்லது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம்.

* மாதவிலக்கு நாளில் ஆடக்கூடாது என்று மருத்துவத்தில் விதி இல்லை. வலி இல்லாவிட்டால் தாராளமாக ஆடலாம். மாற்று நாப்கின் பையில் இருக்கட்டும். கடும் பயிற்சியால் மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

* கூடைப்பந்து ஆடினால் உயரம் வளரும் என்பது வெறும் பேச்சு. உயரம் பரம்பரையையும் சாப்பாட்டையும் பொறுத்தது. ஆனால் இந்த வயசில் குதித்து ஆடுவதால் எலும்பு பலப்படும். பிற்காலத்தில் எலும்புத் தேய்மானத்துக்கு அது ஒரு சேமிப்பு.

* தெரு அணியாக ஆடினாலும் பரவாயில்லை, ஆனால் பள்ளிக்கூடம் வழியாகவோ பதிவுள்ள சங்கம் வழியாகவோ போட்டிக்கு அனுப்புங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் முதலமைச்சர் கோப்பை, பெண்களுக்கான விளையாட்டு விடுதி பற்றிய விவரம் கிடைக்கும். அங்கீகாரம் உள்ள போட்டியின் சான்றிதழ்தான் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் செல்லும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தனியாக வையுங்கள்.

* வெளியூர்ப் போட்டி என்றால் கூட வருகிற ஆசிரியை யார், எங்கே தங்குகிறார்கள், போன் நம்பர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது நம் உரிமை. கேட்டபின் அனுப்புங்கள்.

என் மகள் தேர்வானாளா என்று கேட்பீர்கள். இல்லை. பன்னிரண்டு பேரில் அவள் பேர் வரவில்லை. மைதானத்து ஓரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லெஃப்ட் ஹாண்ட் வீக்காம்மா. சரி பண்ணிட்டா அடுத்த வருஷம் கெடைக்கும்னு கோச் சொன்னாங்க" என்றாள். இலையைப் பிரித்து இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் வாசலோடு திரும்பினேன். என் மகள் உள்ளே போய் ஆடிவிட்டுத் திரும்பினாள். எனக்கு அது போதும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி படுக்கப்போகிற நேரத்தில்தான் மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த வருஷம் எந்த மாசம்டி வருது அந்த செலக்‌ஷன்?"